ஒரே குரலில் பேசும் கட்சி: தேர்தல் பிரச்சாரத்தின் மையச் செய்தியை உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே கட்சியின் மூன்று பேச்சாளர்கள் ஒரே நாளில் மூன்று ஊர்களில் மேடையேறுகிறார்கள். ஒருவர் விலைவாசியைப் பிடித்துக்கொள்கிறார், இன்னொருவர் ஊழலைத் துவைத்தெடுக்கிறார், மூன்றாமவர் கட்சியின் தியாக வரலாற்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார். மூன்றும் நல்ல பேச்சுதான். ஆனால் மறுநாள் ஒரு வாக்காளரிடம் “அந்தக் கட்சிக்கு ஏன் ஓட்டுப் போடணும்னு சொல்றாங்க?” என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. ஆளும் பணமும் உழைப்பும் இருந்தும் பல பிரச்சாரங்கள் இந்த இடத்தில்தான் கரைந்துபோகின்றன.

மையச் செய்தி என்பது இந்தக் கேள்விக்கான பதில். எங்களுக்கு ஏன், அவர்களுக்கு ஏன் இல்லை, அதுவும் இந்தத் தேர்தலில் ஏன் என்பதை மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும். இதை முழக்கத்தோடும் தேர்தல் அறிக்கையோடும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முழக்கம் சுவரில் எழுதுவதற்கானது. தேர்தல் அறிக்கை என்பது செய்யப்போகும் வேலைகளின் பட்டியல். மையச் செய்தி இரண்டுக்கும் முன்னால் வரவேண்டிய காரணம். காரணத்தை முடிவு செய்யாமல் முழக்கத்துக்குப் போட்டி வைக்கும் கட்சிகள் அழகான ஒரு வரியோடு வெளியே வருகின்றன, அந்த வரிக்குப் பின்னால் எதுவும் இருப்பதில்லை.

முதல் படி: யாருடைய ஓட்டு வேண்டும்?

எல்லாருக்கும் பிடிக்கும்படி பேச ஆசைப்பட்டால் யார் மனதிலும் நிற்காத பேச்சுதான் மிஞ்சும். அதனால் கணக்கிலிருந்து தொடங்குங்கள். தொகுதியில் மொத்த வாக்குகள் எத்தனை, எத்தனை பேர் வாக்களிக்க வருவார்கள், வெற்றிக்கு எத்தனை தேவை, போன தேர்தல்களில் நம் கட்சிக்கு விழுந்தது எவ்வளவு என்று பாருங்கள். இடையில் இருக்கும் பள்ளம்தான் உங்கள் இலக்கு.

அந்தப் பள்ளத்தை நிரப்பக்கூடியவர்கள் இரண்டு வகை. இன்னும் முடிவெடுக்காதவர்கள் ஒரு வகை. நம் பக்கம் சாய்வு இருந்தும் வாக்குச்சாவடிக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்குக் காரணம் தேவை, இரண்டாம் வகையினருக்கு அவசரம் தேவை. எந்த வகை அதிகம் என்று வாக்குச்சாவடி வாரியாகப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எதிர்க்கட்சியின் உறுதியான ஆதரவாளரை மாற்றச் செலவிடும் நேரம் பெரும்பாலும் வீண்.

இரண்டாம் படி: கேளுங்கள், வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளுங்கள்

சர்வே எடுத்தால் எந்தப் பிரச்சினை எத்தனை பேரைத் தொடுகிறது என்று எண்ணிக்கையில் தெரியும். அந்தப் பிரச்சினையை மக்கள் எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்பது அதில் தெரியாது. அதற்குச் சிறு குழு உரையாடல்கள் வேண்டும். எட்டுப் பத்துப் பேரை உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசவிடுங்கள். நடத்துபவர் கட்சிக்காரராக இருக்கக்கூடாது. கட்சிக்காரர் நடத்தினால் மரியாதைக்காக மக்கள் நல்லதாகவே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அல்லது அவர் பாதியிலேயே வாதாடத் தொடங்கிவிடுவார்.

முதல் அரை மணி நேரம் எந்தக் கட்சியின் பெயரும் வரவேண்டாம். “போன வாரம் எது உங்களை அலைக்கழித்தது?” என்று கேட்டால் போதும். பதில்களைச் சுருக்கி எழுதாதீர்கள். “போக்குவரத்து வசதிக் குறைபாடு” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டால் அந்த உரையாடலே வீணாகிவிடும்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொண்டு இந்த வழிகாட்டி முழுக்க அதோடு போவோம். ஒரு மாநகராட்சித் தேர்தல். எதிர்க்கட்சி பிரச்சாரத்துக்குத் தயாராகிறது. உரையாடலில் ஒரு பெண் சொல்கிறார்: “வேலை எட்டு மணி நேரம். போய் வர மூணு மணி நேரம். பிள்ளை தூங்கினப்புறம்தான் வீட்டுக்கு வர்றேன்.” வேறொரு குழுவில் ஒரு முதியவர் மருத்துவமனை வரிசையைப் பற்றிச் சொல்கிறார். ஓர் இளைஞர் சான்றிதழுக்காக மூன்று முறை விடுப்பு எடுத்ததைச் சொல்கிறார். கட்சியின் கோப்பில் இவை போக்குவரத்து, சுகாதாரம், நிர்வாகம் என்று மூன்று தலைப்புகள். பேசியவர்களுக்கோ இது ஒரே வலி. அவர்களுடைய நேரம் பறிபோகிறது. பல துறைகளில் சிதறிக் கிடக்கும் குறைகளுக்கு அடியில் ஓடும் இந்த ஒற்றை வலியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படியின் வேலை. எல்லா ஊரிலும் அது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால், மற்றவற்றை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சல் வேண்டும்.

மூன்றாம் படி: நான்கு கட்டங்கள்

அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேர்தல் வியூக வகுப்பாளர் பால் டல்லியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு கருவி உண்டு. ஒரு தாளை நான்காகப் பிரித்து, நம்மைப் பற்றி நாம் சொல்வது, அவர்களைப் பற்றி நாம் சொல்வது, நம்மைப் பற்றி அவர்கள் சொல்வது, தங்களைப் பற்றி அவர்களே சொல்லிக்கொள்வது என்று நிரப்ப வேண்டும். அவ்வளவுதான். பார்க்க எளிது, நேர்மையாக நிரப்புவது கடினம்.

நம் உதாரணத்தில் முதல் கட்டம்: “உங்கள் காத்திருப்பைக் குறைப்போம்.” இரண்டாவது: “ஆளுங்கட்சி மேம்பாலங்களைக் கட்டித் திறப்புவிழா நடத்தியது, பேருந்துகளைக் கூட்டவில்லை.” நான்காவது: “இந்த நகரத்தைக் கட்டியெழுப்பியவர்கள் நாங்கள்.” மூன்றாவது கட்டத்துக்கு வரும்போதுதான் அறையில் அமைதி நிலவும். “அனுபவமில்லாதவர்கள், பணத்துக்கு எங்கே போவார்கள்?” இதை எழுதவே கட்சிக்காரர்களுக்குக் கை வராது. அதனால் இந்தக் கட்டத்தை நிரப்பும் வேலையைக் கட்சியில் மிகவும் குறை சொல்பவரிடம் கொடுங்கள். எதிரி நாளை மேடையில் சொல்லப்போவது இன்றே நம் தாளில் இருந்தாக வேண்டும்.

நிரப்பி முடித்ததும் கட்டங்களை ஒன்றோடொன்று மோதவிடுங்கள். அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது வலுவாக இருக்கிறதா? அதை மறுக்கத் தேவையில்லை. “பாலம் கட்டினார்கள், சரி. பேருந்து வந்ததா?” என்று ஏற்றுக்கொண்டே கேள்வியை நம் பக்கம் திருப்பலாம். அவர்கள் நம்மைக் குற்றம்சாட்டும் இடத்தில் நம் முதல் கட்டம் தானாகவே பதில் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் செய்தி இன்னும் தயாராகவில்லை.

நான்காம் படி: எழுதுவது

குழுவாக எழுதினால் முதல் வரைவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். “நிர்வாகச் சீர்திருத்தம், ஒருங்கிணைந்த பொதுப் போக்குவரத்து, தரமான மருத்துவம் ஆகியவற்றின் வழியே அனைவருக்குமான வளர்ச்சி.” அறையில் இருந்த ஒவ்வொருவரின் ஆசையும் இதில் இருக்கிறது. வாக்காளர் மட்டும் இல்லை. யாராவது “சுருக்குங்கள்” என்பார்கள். உடனே “மாற்றம் வேண்டும், நல்லாட்சி வேண்டும்” என்று வரும். இது அதைவிட மோசம், ஏனென்றால் எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் சுயேச்சையும் இதையே சொல்லலாம்.

மூன்றாவது முயற்சி இப்படி இருக்கட்டும்: “பேருந்துக்கும் சான்றிதழுக்கும் மருத்துவருக்கும் காத்திருந்தே இந்த நகரத்து மக்களின் நாள் கழிகிறது. ஆளுங்கட்சி கண்ணுக்குத் தெரியும் கட்டடங்களைக் கட்டியது, காத்திருப்பைக் குறைக்கவில்லை. அந்த நேரத்தை நாங்கள் உங்களுக்கு மீட்டுத் தருவோம்.” பிரச்சினை, பொறுப்பு, வாக்குறுதி என்று மூன்றும் இருக்கின்றன. ஒரு பெண் சொன்ன வார்த்தையின் வாசமும் இருக்கிறது.

இதைச் சோதிக்க நான் வைத்திருக்கும் கேள்விகள் சில. இது உண்மையா? எதிரி இதே வாக்கியத்தைச் சொல்ல முடியுமா? முடிந்தால் கிழித்துப் போடுங்கள். ஒருமுறை கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தன் சொந்த வார்த்தையில் சொல்ல முடியுமா? இந்தக் கட்சி சொன்னால் ஊர் நம்புமா? கடைசிக் கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்பு இதே மாநகராட்சியை ஆண்டபோது பேருந்து வழித்தடங்களைக் குறைத்த கட்சி நேரத்தை மீட்டுத் தருவதாகச் சொன்னால் சிரிப்புதான் வரும். அப்படியொரு பழைய கணக்கு இருந்தால் அதை முதலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். உண்மை பற்றிய கேள்வியில் எந்தச் சமரசமும் வேண்டாம். ஓட்டுக்காகப் பொய் சொல்லும் கட்சி, வாக்காளர் அரசியல்மீது வைத்திருக்கும் கொஞ்சநஞ்ச நம்பிக்கையையும் சேர்த்துத்தான் செலவழிக்கிறது.

ஐந்தாம் படி: கட்சிக்குள் உடன்பாடு

வேலையில் பாதி இங்கேதான். நல்ல செய்தி எழுதும் திறமை பல கட்சிகளிடம் இருக்கிறது. அதைக் கட்சி முழுக்க ஏற்றுக்கொள்ள வைப்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். தலைமை எழுதி, அச்சடித்து, மாவட்டத்துக்கு அனுப்பிவைத்தால் மாவட்டச் செயலாளர் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வழக்கம்போலத் தன் பேச்சைப் பேசுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரை யாரும் கேட்கவில்லையே.

சிலியின் கதை இதற்கு நல்ல பாடம். 1988 அக்டோபர் 5 அன்று, ராணுவ ஆட்சியாளர் பினோசெட் மேலும் எட்டு ஆண்டுகள் தொடரலாமா என்று மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ‘வேண்டாம்’ என்ற அணியில் பத்துக்கும் மேற்பட்ட கட்சிகள் சேர்ந்தன. அவற்றில் கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளும் சோஷலிஸ்டுகளும் 1973 ராணுவப் புரட்சிக்கு முன்பு எதிரெதிர் முகாம்களில் நின்றவர்கள். பிரச்சாரத்தின் கடைசி வாரங்களில் ஒவ்வொரு அணிக்கும் இரவில் 15 நிமிடத் தொலைக்காட்சி நேரம் கிடைத்தது. ராணுவ ஆட்சியில் நடந்த கொலைகளையும் காணாமல் போனவர்களையும் பற்றித்தான் முழுக்கப் பேச வேண்டும் என்று நினைக்க அந்த அணியில் பலருக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனால் முடிவெடுக்காத வாக்காளர்களிடம் ஏற்கெனவே இருந்த உணர்வு பயம். பயந்தவரை மேலும் பயமுறுத்தினால் அவர் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். அதனால் “மகிழ்ச்சி வந்துகொண்டிருக்கிறது” என்பதை மையச் செய்தியாக எடுத்தார்கள். சின்னமாக வானவில், கட்சிகளின் பல வண்ணங்களும் அதில் அடங்கின.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. துயரத்தை அவர்கள் ஒளித்துவைக்கவில்லை. காணாமல் போனவர்களின் குடும்பப் பெண்கள், இருவர் சேர்ந்து ஆடும் குவேக்கா நடனத்தைத் துணையின்றித் தனியாக ஆடிய காட்சியும் அதே நிகழ்ச்சியில் ஒளிபரப்பானது. வலியைப் பேச விரும்பியவர்களுக்கு மையச் செய்திக்குள்ளேயே ஓர் இடம் கிடைத்தது. ‘வேண்டாம்’ சுமார் 56 விழுக்காடு பெற்றது. அடுத்த ஆண்டு அதே கூட்டணியின் வேட்பாளர் பாட்ரிசியோ அய்ல்வின் அதிபர் தேர்தலில் வென்றார்.

உங்கள் கட்சியிலும் அப்படித்தான். வரைவு எழுதும் முன்பே மகளிர் அணி, இளைஞர் அணி, தொழிற்சங்கம், மாவட்டப் பொறுப்பாளர்கள், கொள்கைக் குழு, கூட்டணி என்று எல்லாரிடமும் தனித்தனியாகப் போய்க் கேளுங்கள். பெரிய கூட்டத்தில் கேட்டால் உரத்த குரல் மட்டும்தான் பதிவாகும். அவர்களுக்கு முக்கியமான பிரச்சினை மையத்தில் இல்லை என்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கூடவே அது எங்கே வரும் என்பதையும் சொல்லுங்கள்: தேர்தல் அறிக்கையில் எந்த அத்தியாயம், எந்தப் பகுதியின் நோட்டீஸ், எந்தப் பேச்சாளரின் பேச்சு. தன் விஷயம் கைவிடப்படவில்லை என்று தெரிந்தால் பெரும்பாலோர் இறங்கி வருவார்கள்.

அதே சமயம் கடைசி முடிவெடுக்க ஒருவர் இருக்க வேண்டும். அல்லது மூன்று பேருக்கு மிகாத ஒரு குழு. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டே போனால் முதல் வரைவுக்கே திரும்பி வந்துவிடுவீர்கள். எல்லாரையும் கேளுங்கள், ஒருவர் முடிவெடுக்கட்டும், முடிவுக்குப் பிறகு விவாதம் வேண்டாம். இந்த ஒழுங்கைத் தலைவர் முதலில் கடைப்பிடிக்க வேண்டும். விமான நிலையத்தில் மைக்கைப் பார்த்ததும் மனதில் பட்டதைப் பேசும் தலைவர் இருந்தால், கீழே யாரையும் கட்டுப்படுத்த முடியாது.

ஆறாம் படி: தேர்தல் அறிக்கையைச் செய்தியோடு கட்டுவது

2017 ஏப்ரலில் பிரிட்டன் பிரதமர் தெரசா மே திடீர்த் தேர்தலை அறிவித்தபோது “வலுவான, நிலையான தலைமை” என்பதுதான் அவருடைய மையச் செய்தி. அவருடைய கட்சிக்காரர்கள் அதைச் சலிக்கச் சலிக்கச் சொன்னார்கள். மே 18-இல் தேர்தல் அறிக்கை வந்தது. முதியோர் பராமரிப்புச் செலவைப் பற்றிய ஒரு திட்டம் அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. நான்கே நாளில் அந்தத் திட்டத்தை மாற்றிவிட்டு “எதுவும் மாறவில்லை” என்றார். ஜூன் 8 தேர்தலில் அவர் கட்சி நாடாளுமன்றப் பெரும்பான்மையை இழந்தது. இந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நிலையான தலைமை என்று சொன்னவர் நான்கு நாளில் தடுமாறியதை வாக்காளர் கண்ணால் பார்த்தார். பலவீனமான செய்தி என்றால் இந்த அளவு அடி விழுந்திருக்காது.

ஆகவே அறிக்கையின் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: இது மையச் செய்திக்குச் சான்றா, அதோடு சம்பந்தமில்லாததா, அல்லது எதிரானதா? சான்றாக நிற்பவற்றில் நான்கைந்தை முன்னால் கொண்டுவாருங்கள். எதிரானதை எடுத்துவிடுங்கள், எவ்வளவு பிடித்தமானதாக இருந்தாலும் சரி.

முன்னால் வருபவை அளக்கக்கூடியவையாக இருக்கட்டும். 1997-இல் பிரிட்டனின் தொழிற்கட்சி ஒரு கடன் அட்டை அளவுக்கு ஒரு சீட்டு அச்சிட்டது. அதில் ஐந்தே வாக்குறுதிகள். 5, 6, 7 வயதுக் குழந்தைகளின் வகுப்பில் 30 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. 25 வயதுக்குட்பட்ட 2,50,000 பேரை அரசு உதவித்தொகையிலிருந்து வேலைக்குக் கொண்டுவருவது இன்னொன்று. எண் இருந்தால் வாக்காளர் பிறகு கணக்குக் கேட்க முடியும். கணக்குக் கேட்கலாம் என்று நாமே சொல்வதால்தான் நம்பிக்கை வருகிறது.

ஏழாம் படி: வெளியே போகும் முன் சோதனை

முடிவெடுக்காத வாக்காளர்கள் சிலரிடம் செய்தியைப் படித்துக் காட்டுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு “நேற்று என்ன சொன்னோம்?” என்று கேளுங்கள். நினைவில் நின்றதுதான் உங்கள் உண்மையான செய்தி. அப்புறம் எதிரியின் மிகக் கடுமையான பதிலையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். அதைக் கேட்ட பிறகும் நம் பக்கம் நிற்கிறார்களா என்பதுதான் கேள்வி.

எட்டாம் படி: ஒரு பக்கத் தாள்

கட்சி முழுக்கப் போக வேண்டியது ஒரே ஒரு பக்கம். மேலே மையச் செய்தி. அதற்குக் கீழே மூன்று சான்றுகள், ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த ஓர் எண்ணும் ஒரு மனிதரின் அனுபவமும். கடைசியில், எதிரி கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளும் பதில்களும். 1992-இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் பில் கிளிண்டனின் பிரச்சார அலுவலகச் சுவரில் அவருடைய வியூக வகுப்பாளர் ஜேம்ஸ் கார்வில் மூன்றே வரிகள் எழுதிவைத்திருந்தார். மாற்றமா அல்லது பழையதே தொடர்வதா என்பது ஒன்று, பொருளாதாரம்தான் என்பது அடுத்தது, மருத்துவ நலனை மறக்காதே என்பது மூன்றாவது. அது வாக்காளருக்காக எழுதியதே அல்ல. உள்ளே வேலை பார்ப்பவர்கள் வழி தவறாமல் இருக்க எழுதியது.

தாளை அனுப்பினால் மட்டும் போதாது. பேச்சாளர்களையும் பூத் பொறுப்பாளர்களையும் உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவரவர் வட்டார வழக்கில், அவரவர் உதாரணத்தோடு சொல்லட்டும். நூறு பேர் ஒரே வாக்கியத்தை மனப்பாடமாக ஒப்பித்தால் கேட்பவருக்கு அது செயற்கையாகத் தெரிந்துவிடும். காரணம் மாறக்கூடாது, சான்று ஊருக்கு ஊர் மாறலாம். நம் உதாரணத்தில் புறநகரில் பேருந்து, பழைய குடியிருப்புகளில் மருத்துவமனை வரிசை, கல்லூரி வட்டாரத்தில் சான்றிதழ். மூன்றிலும் முடிவு ஒன்றுதான்: உங்கள் நேரம். சமூக ஊடகக் குழுவும் இதே தாளிலிருந்துதான் வேலை செய்ய வேண்டும். மேடையில் ஒரு கட்சியும் செல்போன் திரையில் வேறொரு கட்சியும் தெரிந்தால் இத்தனை நாள் செய்த வேலை போச்சு.

ஒன்பதாம் படி: சலிக்காமல் சொல்வது, சீண்டலுக்கு மயங்காதது

பிரச்சாரக் குழுவுக்குச் செய்தி அலுத்துப்போகும் நாளில்தான் வாக்காளர் அதை முதல்முறையாகக் காதில் வாங்குகிறார். அன்றே அதை மாற்றிவிடும் கட்சிகள் நிறைய. புதுமைக்கு ஆசைப்பட்டால் சான்றுகளைப் புதுப்பியுங்கள். ஒரு வாரம் பேருந்து, அடுத்த வாரம் மருத்துவமனை என்று நாட்காட்டி போட்டுக்கொள்ளுங்கள்.

தாக்குதல் வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எதிரி எழுதிய நாடகத்தில் நாம் நடித்துக்கொண்டிருப்போம். நம் இலக்கு வாக்காளரின் காதுக்குப் போகும் குற்றச்சாட்டுக்கு மட்டும், அன்றைக்கே, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலில் எதிரியின் சொல் இருக்கக்கூடாது. வாட்டர்கேட் விவகாரத்தின்போது 1973 நவம்பரில் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் “நான் மோசடிக்காரன் அல்ல” என்றார். மறுக்க வந்த வாக்கியம்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நம் வேட்பாளரிடம் “பணத்துக்கு எங்கே போவீர்கள்?” என்று கேட்டால், “பணம் இல்லை என்பது பொய்” என்று தொடங்கக்கூடாது. “ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் எத்தனை பேருந்து வாங்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறேன், சொல்கிறேன்” என்று தொடங்கட்டும். கேள்விக்கும் பதில் வந்தது, பேச்சும் நேரத்துக்குத் திரும்பியது. கேள்வியையே ஒதுக்கிவிட்டு மனப்பாடத்தை ஒப்பிப்பவரை மக்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். முதலில் நேராகப் பதில், பிறகுதான் மையச் செய்தி.

பத்தாம் படி: எப்போது மாற்றலாம்?

வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போகிறவர்களிடம் கேளுங்கள். எந்த இடத்தில் கதவைச் சாத்துகிறார்கள், எந்த வரியில் தலையாட்டுகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு சான்று எடுபடவில்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள். மையச் செய்தியை மாற்றக் காரணம் ஒன்றுதான்: மக்களின் அனுபவத்தோடு அது பொருந்தவில்லை என்று தெரிவது. 2004-இல் இந்தியாவில் ஆளும் கூட்டணி “ஒளிரும் இந்தியா” என்று பேசியது. பொருளாதார வளர்ச்சி எண்கள் இருந்தன. ஆனால் அந்த ஒளி தங்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை என்று நினைத்த வாக்காளர்கள் ஏராளம். காங்கிரஸ் சாமானியரோடு நிற்பதாகச் சொல்லி அந்த இடைவெளியில் நுழைந்தது, கூட்டணிக் கட்சிகளோடு ஆட்சியைப் பிடித்தது. விளம்பரம் எவ்வளவு பெரிதாகிறதோ, அந்த அளவுக்குப் பொருந்தாமையும் பெரிதாகத் தெரியும்.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சொல்ல வேண்டாம். நம் பக்கம் சாய்ந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். எந்த வாக்குச்சாவடி, எத்தனை மணிக்கு வரப்போகிறார், கூட யாரை அழைத்து வருவார் என்று கேளுங்கள். முதியவருக்கு வண்டி வேண்டுமா, வேலைக்குப் போகிறவர் காலையிலா மாலையிலா என்பதையும் விசாரியுங்கள். தேர்தல் விதிகள் எதை அனுமதிக்கின்றன என்று சட்டப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டு, பூத் வாரியாக யார் யாரைப் பார்க்கப் போகிறார் என்ற பெயர்ப் பட்டியலைப் பத்து நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.